மேனிக்குச் சிரிப்பு, சொரியானோவுக்குக் கூச்சல்

இருவருமே பேஸ்பாலில் லெஃப்ட் ஃபீல்டர்களாக, அதாவது மைதானத்தின் இடது வெளிப்பகுதியைக் காப்பவர்களாக ஆடியவர்கள், இருவர் ஃபீல்டிங்கும் சுமார்தான். ஆனால் பாஸ்டன் ஃபென்வே பார்க் மைதானத்தில் ரசிகர்களிடம் மேனி ராமிரெஸுக்குக் கிடைத்த சலுகை சிகாகோ ரிக்லி ஃபீல்டில் அல்ஃபோன்சோ சொரியானோவுக்குக் கிடைக்கவில்லை.

2004-இல் ஜானி டேமன் சென்டர் ஃபீல்டிலிருந்து, அதாவது நடு வெளிப்பகுதியிலிருந்து எறிந்த பந்தை, சொந்த அணிக்காரர் எறிந்ததையே, மேனி நடுவில் பாய்ந்து மறித்தார். எதிரணி பேட்டர் நான்கு பேஸையும் ஓடியே முடித்துவிட்டார். 'மேனின்னா அப்படித்தான்', அவ்வளவுதான் பேச்சு. ஃபென்வேயில் லெஃப்ட் ஃபீல்டுக்குப் பின்னால் உள்ள 37 அடிச் சுவரும் அவர் தப்பில் பாதியை மறைத்தது என்பது என் கணக்கு.

சொரியானோ கேட்ச் பிடிக்கும்போது குட்டியாகத் துள்ளுவார், 2008-இல் அப்படித் துள்ளியே கெண்டைக்காலில் அடி. பந்து நழுவினால் முதுகுக்குப் பின்னால் பிளீச்சர்ஸ், அதாவது வெளிப்பகுதிச் சுவருக்குப் பின்னாலுள்ள திறந்தவெளி இருக்கைகளிலிருந்து கூச்சல். எதிரணி சுவர் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்தையே திருப்பி வீசுகிற கூட்டமாச்சே! இத்தனைக்கும் அவர் 2005 வரை மைதானத்தின் உள்பகுதியில் செகண்ட் பேஸ் ஆடியவர், பிறகுதான் லெஃப்ட் ஃபீல்டுக்கு வந்தார்.