டிஹுவானா எல்லையில் எஃப்.எம். கேட்பவனின் குறிப்புகள்

வீடு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் டியேகோவின் தென்கோடியில். வேலை எல்லைக்கு அப்பால், மெக்சிகோ நகரமான டிஹுவானாவின் ஓத்தாய் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையில். ஆகவே நான் வானொலி கேட்பது முழுக்கக் காரில்தான், அதிலும் பாதி நேரம் நகராத காரில். மாலையில் வடக்கே திரும்பும் வரிசையில் சிக்கிக்கொண்டவர்களுக்கு எஃப்.எம். பொழுதுபோக்கு மட்டுமல்ல, வழிகாட்டியும்கூட.

இந்த ஊர் நிலையங்களில் நான் முதலில் தேடுவது ‘லா லினேயா’, அதாவது எல்லை வரிசையின் நிலவரம். சான் இசிட்ரோ எல்லைச் சாவடியில் சாதாரணத் தடம் எத்தனை நிமிடம், மின்னணு சில்லு பதித்த ஆவணம் உள்ளவர்களுக்கான ரெடி லேன் எத்தனை, முன்கூட்டியே சோதனை முடித்தவர்களுக்கான சென்ட்ரி எத்தனை, பிறகு ஓத்தாய்ச் சாவடியில் எத்தனை என்று அறிவிப்பாளர் மூச்சு விடாமல் அடுக்குவார். அமெரிக்கச் சுங்கத்துறையின் இணையதளத்திலும் இந்தக் கணக்கு கிடைக்கும். ஆனால் வரிசையில் நிற்பவர்களே வாட்ஸ்அப்பில் அனுப்பும் தகவலை வாசிக்கும் நிலையம்தான் நம்பகமானது. ஒரு நிலையம் இருக்கிறது, பெயர் வேண்டாம். மதியம் சொன்ன எண்ணையே மாலையிலும் கூச்சமில்லாமல் சொல்லும். எத்தனை மணி நிலவரம் என்று சொல்லாத அறிவிப்பை நான் பொருட்படுத்துவதில்லை.

வேடிக்கையான நிலையம் என்றால் 91.1இல் வரும் 91எக்ஸ். 1983 முதல் ஆங்கில ராக் இசை, அறிவிப்பாளர்கள் சான் டியேகோக்காரர்கள், விளம்பரங்களும் அந்த ஊர்க் கடைகளுடையவை. உரிமமும் கோபுரமும் மட்டும் மெக்சிகோவில். அதன் சட்டப்பெயர் எக்ஸ்.இ.டி.ஆர்.ஏ. கிடார் இரைச்சல் ஓய்ந்த மறுநொடி, ஒரு கம்பீரமான குரல் அந்த எழுத்துகளை ஸ்பானிய மொழியில் உச்சரித்து டிஹுவானா என்று முடிக்கும். நள்ளிரவில் மெக்சிகோவின் தேசிய கீதம். தேர்தல் காலத்தில் இன்னும் சுவாரசியம்: 2007 சீர்திருத்தத்துக்குப் பிறகு அங்கே கட்சிகள் வானொலி நேரத்தை விலைக்கு வாங்க முடியாது, தேர்தல் ஆணையமே ஒவ்வொரு நிலையத்திலும் நாளுக்கு 48 நிமிடங்களை எடுத்துப் பிரித்துக் கொடுக்கிறது. விளைவு, மெக்சிகோவில் வாக்கே இல்லாத கலிஃபோர்னியா இளைஞர்கள் இரண்டு பாட்டுக்கு நடுவே மெக்சிகோ வேட்பாளர்களின் வாக்குறுதிகளைக் கேட்கிறார்கள். எனக்கும் அங்கே வாக்கில்லை. ஆனாலும் 2024 தேர்தலின்போது கட்சிப் பாட்டுகள் பல மனப்பாடமாகிவிட்டன.

இங்கே தயாரித்து அங்கிருந்து ஒலிபரப்பும் இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்க அரசின் தனி அனுமதி தேவை. அந்த விதி 1934இல் வந்தது. ஆட்டின் விரைகளை மனிதருக்குப் பொருத்தி ஆண்மை தருவதாகச் சொன்ன ஜான் பிரிங்க்லி, கன்சாஸில் வானொலி உரிமம் பறிபோனதும் எல்லை தாண்டி வில்லா அகூன்யாவில் பெரும் நிலையம் கட்டி அமெரிக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். அவரைப் போன்றவர்களைக் கட்டிப்போடத்தான் அந்தச் சட்டம்.

90.3இன் ஹிப்ஹாப், 92.5இன் பழைய சோல் பாடல்கள் ஆகியவையும் இதே ஏற்பாட்டில் வருபவைதான். நன்றாகவே இருக்கின்றன, அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டிஹுவானாவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் ஸ்பானிய நிலையங்களுக்குத்தான் போக வேண்டும். அக்கார்டியன் இழையும் நோர்த்தேன்யோ, டியூபா என்ற பெரிய ஊதுகருவி அதிரும் பாண்டா ஆகிய மெக்சிகோ இசை வகைகள் அங்கே நாள் முழுக்க ஓடும். டியூபா தொடங்கினால் என் காரின் கதவே நடுங்குகிறது. மெக்சிகோ அரசின் பொது வானொலியான ஃபூசியோன் 102.5 எனக்குப் பிடித்தது. ஸ்பானியம் கற்பவர்களுக்கு அதன் நிதானமான பேச்சு பெரிய உதவி. இன்னொன்று: டிஹுவானாவின் தனியார் எஃப்.எம். நிலையங்கள் தாமே செய்தி திரட்டி வாசிக்கின்றன. இந்தியாவில் தனியார் பண்பலைக்கு இன்றும் இல்லாத சுதந்திரம் இது. அங்கே காலை வேளையில் நகராட்சியைக் காய்ச்சி எடுக்கும் அறிவிப்பாளரைக் கேட்கும்போது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது.

ஒலித் தெளிவு இடத்தைப் பொறுத்தது. டிஹுவானா மேடும் பள்ளமுமான ஊர். மேட்டில் கண்ணாடிபோல் ஒலிக்கும் நிலையம், பள்ளத்தாக்குக் குடியிருப்புக்குள் இறங்கியதும் கரகரக்கும். என்செனாடா நோக்கிக் கடலோரச் சாலையில் தெற்கே போனால் சான் டியேகோ நிலையங்கள் ஒவ்வொன்றாக உதிரும். கோடையில் கடலின் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் வெப்பக் காற்றும் அடுக்காக நிற்கும் நாள்களில் தலைகீழ். லாஸ் ஏஞ்சலஸ் நிலையங்கள் வந்து உள்ளூர் அலைவரிசைகளில் மோதும். கிழக்கே லா ருமோரோசா மலைச்சாலையில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்; கீழே மெக்சிகாலி சமவெளிக்கு இறங்கிய பிறகே புது நிலையங்கள் பிடிபடும்.

கைபேசிச் செயலியில் கேட்கலாமே என்பார்கள். சோதனைச் சாவடி அருகே கைபேசி இரண்டு நாட்டு வலையமைப்புகளுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். இணைய ஒலிபரப்போ அரை நிமிடம் பின்தங்கும். எந்தத் தடத்துக்குள் நுழைவது என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் அந்த அரை நிமிடம் பெரிது. புதிதாக வருபவர்கள் காரின் முதல் பொத்தானில் வரிசை நிலவரம் சொல்லும் நிலையத்தை வையுங்கள். பாட்டுக்கு மற்ற பொத்தான்கள் இருக்கின்றன.