கண்ணில் ஆசிட் தெறித்தால்: குழாய்த் தண்ணீரா, ஆப்பசோடாக் கரைசலா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் மாடிவீட்டு அக்கா பாத்ரூம் கழுவும்போது ஆசிட் வலது கண்ணில் தெறித்துவிட்டது. அவர் மாமியார் அடுப்படிக்கு ஓடி, டம்ளரில் ஆப்பசோடா கரைக்கத் தொடங்கினார். அமிலத்தைக் காரம் முறிக்கும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான்.

சோதனைக் குழாயில் அது சரி. கண்ணில் வேண்டாம். முறிக்கும்போது சூடு கிளம்பி, வெந்த விழியை மேலும் பாதிக்கலாம். கரையாத துகள் உறுத்தும். எல்லாவற்றையும்விட, கரைக்கிற அந்த ஒரு நிமிடம் பெரிய நஷ்டம்.

தண்ணீருக்கு என்ன பட்டது என்று தெரிய வேண்டியதில்லை. எதுவானாலும் நீர்க்க வைத்து அடித்துக்கொண்டு போகும். பட்டது வெற்றிலைச் சுண்ணாம்பு என்றால் சோடா சுத்தமாக உதவாது; இரண்டுமே காரம். காரம் பொதுவாக அமிலத்தைவிட ஆழமாக இறங்கும், சுண்ணாம்புத் துணுக்கு இமைக்கடியில் ஒட்டிக்கொண்டும் இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நினைத்தாலே எனக்குப் பதறும்.

அக்காவைக் குழாயடியில் வலப்பக்கம் சாய்த்தோம், கழுவிய நீர் நல்ல கண்ணுக்குப் போகாதபடி. இறுக மூடிய இமைகளை விரலால் விரித்துப் பிடித்தேன். மெதுவான தாரை, 20 நிமிடம். அப்புறம் ஆசிட் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கண் மருத்துவமனை. அங்கே சலைனால் திரும்பக் கழுவி, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளை இமையோரம் வைத்துப் பார்த்தார்கள். அளவு 7-க்கு, அதாவது நடுநிலைக்கு, அருகில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.