கொழுப்புச் சதவீதத்தைக் காட்டி பேக்கேஜ் விக்கிறாங்க: பினாங்கு மக்களே, சீட்டை முழுசா படிங்க

ஜிம் பேரைப் போட முடியாது, விசயம் திரிபுனல் (பயனீட்டாளர் தீர்ப்பாயம்) வரைக்கும் போயிருக்கு. இடம் பினாங்குத் தீவுல, கடைவீட்டு மேல்மாடியில நடக்குற ஒரு ஜிம். பேரங்காடி வாசல்ல மேசை போட்டு, இலவசமா 'பாடி ஸ்கேன்' எடுத்துத் தர்றோம்னு ஆள் பிடிக்கிறாங்க. ஸ்கேன்னு சொல்றது வேற ஒண்ணுமில்ல, வெறுங்காலோட ஏறி நிக்கிற தராசுதான். அதுல இருந்து வர்ற சீட்டை வெச்சுத்தான் வியாபாரமே.

நான் பாயான் லெப்பாஸ்ல தொழிற்சாலை வேலை. கிளீன் ரூம் குளிர்ல 12 மணி நேரம், உள்ள தண்ணி குடிக்க விடமாட்டாங்க. அந்த ஷிப்ட் முடிஞ்சு வந்த கையோட ஏறி நின்னேன். உயரம் 158 செ.மீ., எடை 68.4 கிலோ, பிஎம்ஐ (எடையை உயரத்தோட ஒப்பிடுற எண்) 27.4, உடல் கொழுப்பு 41.2 சதவீதம், வயித்துக்குள்ள இருக்குற கொழுப்புக்கு 13னு ஒரு எண். கோச் தம்பி சிவப்புப் பேனாவால 41.2ஐ ரெண்டு வட்டம் போட்டான்.

"வீட்டுல யாருக்காச்சும் சுகர் இருக்காக்கா?" அம்மாவுக்கு இருந்துச்சுன்னேன். கால் விரலை எடுத்ததையும் சொன்னேன். அதுக்காகவே காத்துக்கிட்டு இருந்த மாதிரி, "வெளியில பார்த்தா தெரியாதுக்கா, உள்ள எல்லாம் கொழுப்புதான். இப்படியே விட்டா உங்களுக்கும் ரொம்ப நாள் ஆகாது"ன்னான். மூணு மாசப் பேக்கேஜ், 2,800 வெள்ளி (ரிங்கிட்). கொழுப்பு எட்டு சதவீதம் குறையலன்னா முழுப் பணமும் வாபஸ்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. யாருக்குத்தான் கை போகாது?

அந்த உத்தரவாதத்துலதான் சூட்சுமமே இருக்கு. எட்டு சதவீதம் குறைஞ்சுதா இல்லையான்னு யார் அளக்குறது? அவங்களேதான், அவங்க தராசுலேயேதான்.

இந்தத் தராசு கொழுப்பை நேரா அளக்குறதே இல்ல. பாதம் வழியா உணர முடியாத அளவுக்குச் சின்ன மின்சாரத்தை அனுப்புது. தசையில தண்ணி அதிகம், மின்சாரம் சுலபமா ஓடும். கொழுப்புல தண்ணி குறைவு, தடை அதிகம். தடை எவ்வளவுன்னு பார்த்துட்டு, நாம கொடுக்குற உயரம், வயசு, ஆணா பெண்ணாங்கிறதை எல்லாம் ஒரு சூத்திரத்துல போட்டுக் கணக்குப் பண்ணிச் சொல்லுது. ஒரு கால்ல ஏறி மறு கால்ல இறங்குற மின்சாரம் பெரும்பாலும் காலையும் இடுப்புக்குக் கீழயும்தான் சுத்தி வருது. மேல் உடம்பு அனுமானம். வயித்துக்குள்ள இருக்குற கொழுப்புன்னு போடுற அந்த 13உம் அப்படித்தான். அதை உண்மையா பார்க்கணும்னா சிடி, எம்ஆர்ஐ வேணும்.

உடம்புல தண்ணி வத்தியிருந்தா தடை கூடும், கொழுப்பு அதிகம்னு காட்டும். பாதம் குளிர்ந்து காஞ்சு கிடந்தாலும் அதே கதை. ஓடி முடிச்சு தோல் சூடா, ரத்த ஓட்டம் வேகமா இருக்கும்போது ஏறினா குறைச்சுக் காட்டும். உயரத்தைக் கூட்டிப் போட்டாலும் குறையும். 'அத்லெட்' முறைன்னு ஒண்ணு இருக்கு, வாரம் முழுக்கக் கடுமையா பயிற்சி பண்றவங்களுக்கானது. அதைத் தட்டிவிட்டா சதவீதம் மளமளன்னு இறங்கிடும். மீன் மார்க்கெட்ல தராசு ஓரமா கட்டைவிரலை வைப்பாங்களே, அந்த வேலை இதுல திரையிலேயே நடக்குது.

கடைசி அளவுக்கு என்னை எப்ப ஏத்தினாங்கன்னா, டிரெட்மில்ல வேர்க்க விறுவிறுக்க ஓடவிட்டு, உடனே. 67.1 கிலோ, 32.8 சதவீதம். "8.4 குறைஞ்சிருச்சுக்கா, வாழ்த்துகள்!"னு சொல்லி படம் எடுத்து அவங்க இணையப் பக்கத்துல போடவும் கேட்டாங்க. அடுத்த பேக்கேஜுக்கான பேப்பர் ஏற்கெனவே மேசையில இருந்துச்சு, கொழுப்புக் கரைக்கும் பவுடரோட சேர்த்து. (பவுடர் டப்பாவுல MAL பதிவு எண் (மலேசிய சுகாதார அமைச்சு தர்ற மருந்துப் பதிவு எண்) தேடினேன், இல்ல. உடம்பு இளைக்க விக்கிற பவுடர், மாத்திரையில தடை செஞ்ச சிபுட்ராமின் கலந்திருந்து பிடிபட்டதுண்டு. பதிவு எண் இல்லாததைத் தொடவே வேணாம்.)

என் கண்ணு பட்டது பிஎம்ஐ மேல. 27.4 இருந்தது 25.3 ஆயிருக்கு. 1.3 கிலோதான் இறங்கியிருக்கேன், பிஎம்ஐ எப்படி ரெண்டுக்கு மேல இறங்கும்? கைப்பேசியில தட்டிப் பார்த்தேன். 158 செ.மீ. ஆளுக்கு 25.3 வரணும்னா எடை 63 கிலோகிட்ட இருக்கணும். சீட்டோட மேல் மூலையில பொடி எழுத்துல உயரம் 163. நாப்பது தாண்டின பொம்பளை மூணு மாசத்துல அஞ்சு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கேன்!

அதுக்கப்புறம் சதவீதத்தையும் பெருக்கிப் பார்த்தேன். இதைத்தான் எல்லாரும் செய்யணும்னு சொல்றேன். 68.4இல் 41.2 சதவீதம்னா 28.2 கிலோ கொழுப்பு, மீதி 40.2 கிலோ. 67.1இல் 32.8 சதவீதம்னா 22 கிலோ கொழுப்பு, மீதி 45.1. அதாவது ஆறு கிலோ கொழுப்பு கரைஞ்சு, அதே நேரத்துல கிட்டத்தட்ட அஞ்சு கிலோ கொழுப்பில்லாத சதை ஏறியிருக்கு. இந்த வயசுல, இந்த மாதிரி பயிற்சியில, மூணு மாசத்துல அப்படி நடக்காது. நடந்திருந்தா ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆயிருக்கணும். இடுப்பளவு 94 செ.மீ. இருந்தது 93, அவ்வளவுதான்.

கோச்கிட்ட கேட்டா "மெஷின் அப்டேட் ஆச்சுக்கா"ன்னு மழுப்பினான். அவன் அடுத்த ஆளைக் கவனிக்கப் போன நேரம், கவுன்டர்ல இருந்த தங்கச்சிதான் உயரத்தை 158ஆ மாத்தி, 'அத்லெட்'டை எடுத்துட்டு, திரும்ப ஏறச் சொன்னா. 39.9 வந்துச்சு. அந்தச் சீட்டும் என்கிட்ட பத்திரமா இருக்கு. (அந்தப் புள்ள இப்ப அங்க வேலையில இல்ல. அதனாலதான் எழுதுறேன்.)

இன்னொரு கோவம் எனக்கு. பேஸ்மேக்கர் வெச்சவங்க, கர்ப்பமா இருக்கறவங்க இந்தத் தராசுல ஏறக்கூடாதுன்னு தயாரிப்பாளருங்களே எழுதியிருப்பாங்க. பேரங்காடி வாசல்ல வயசானவங்களும் வரிசையில நின்னாங்க; ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்கல.

வீட்டுலயே பார்த்துக்க நினைக்கிறவங்களுக்கு: கடைகள்ல விக்கிற தராசும் இதே ரகம்தான், மூணு நாலு சதவீதம் முன்னப்பின்ன காட்டுறது சாதாரணம். ஆனா அளவை மாத்தி வைக்க ஆள் இல்லாததால, ஏறுதா இறங்குதான்னு போக்கைப் பார்க்கப் பயன்படும். காலையில எழுந்து, பாத்ரூம் போயிட்டு, பசியாறுறதுக்கு முன்னாடி, ஒரே இடத்துல சிமெண்டுத் தரையில வெச்சு ஏறுங்க. ஒருநாள் எண்ணைப் பார்த்துப் பதறாதீங்க, வாரச் சராசரியை எழுதி வைங்க. மாதவிலக்கு நேரத்துல உடம்புல தண்ணி நிக்கும், அந்த வாரத்தை அதே மாதிரி போன மாச வாரத்தோடதான் ஒப்பிடணும்.

எனக்கு அதைவிட நம்பிக்கை தையல் டேப்பு மேலதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு உச்சிக்கும் நடுவுல, மூச்சை இயல்பா விட்டு முடிச்சதும் சுத்தி அளங்க. நம்ம ஆசிய உடம்புக்கு ஆம்பளைன்னா 90 செ.மீ., பொம்பளைன்னா 80க்கு மேல போனா கவனிக்கணும்னுதான் மருத்துவ வழிகாட்டி சொல்லுது. பிஎம்ஐயும் நமக்கு 23லயே கூடுதல் எடை, 27.5ல உடற்பருமன். ஒரே பிஎம்ஐக்கு வெள்ளைக்காரங்களைவிட ஆசியர்களுக்குக் கொழுப்பு அதிகம்ங்கிறதாலதான் இந்தக் கீழ்வரம்பு. என் எடை கவலைப்பட வேண்டிய எடைதான், கோச் அதுல பொய் சொல்லல. குறைஞ்சதுன்னு சொன்னதுதான் பொய். இப்போ தண்ணீர்மலை முருகன் கோவில் படியை எங்கயும் உட்காராம ஏற முடியுதான்னு பார்க்குறேன், டேப்பையும் பார்க்குறேன். சுகர் பயத்துக்குக் கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) ரத்தம் சோதிச்சாச்சு. அதைத் தராசு சொல்லாது.

பணம் பத்தி. ஜிம் பேக்கேஜ் மாதிரி தொடர்ந்து கிடைக்கப்போற சேவைக்கு முன்கூட்டியே காசு கட்டியிருந்தா, பாதியில ரத்து பண்ண 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருது. அவங்க பிடிச்சுக்கலாம்னு சட்டம் சொல்றது ஒப்பந்தத் தொகையில 5 சதவீதம், அதோட ஏற்கெனவே கொடுத்த சேவைக்கும் நாம வெச்சுக்கிற பொருளுக்கும் உண்டான காசு. 'நோ ரீஃபண்ட்'னு சுவத்துல ஒட்டியிருக்கறதைப் பார்த்துத் திரும்பி வந்துடாதீங்க. என் விசயம் ரத்து இல்ல, உத்தரவாதம். அதனால பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல கோரிக்கை போட்டேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் தேவையில்ல, நடந்து மூணு வருசத்துக்குள்ள போடணும். எழுதத் தெரியலையேன்னு தயங்கினா பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துல கேளுங்க. தமிழ்லயும் வெளியீடு போடுறவங்க.

விசாரணைத் தேதிக்கு முன்னாடியே ஜிம்காரங்க பாதிப் பணம் தர்றோம், பதிவு எதுவும் போடாதீங்கன்னு கூப்பிட்டாங்க. முடியாதுன்னு சொல்லிட்டேன்.

அதே மேசையில ஏறினவங்க யாராச்சும் இருந்தா, சீட்டைத் தேடி எடுங்க. பேருந்து டிக்கெட் மாதிரி வெப்பத்தாள் அது, பர்ஸ்ல கிடந்தா எழுத்து மங்கிடும். மேல் மூலையில இருக்குற உயரம் தெரியுற மாதிரி இன்னிக்கே படம் எடுத்து வெச்சுக்குங்க.