ஒரே கணக்கு, நான்கு உலகங்கள்: குவாண்டம் விளக்கங்களில் எதன் பக்கம் நிற்பது?

இரண்டு மெல்லிய பிளவுகளை நோக்கி எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்புங்கள். ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகத்தான் விழும். ஆயிரக்கணக்கில் விழுந்த பிறகு பார்த்தால், அலைகள் குறுக்கிட்டதுபோல் அந்தப் புள்ளிகள் வரிவரியாக அமைந்திருக்கும். எங்கே எத்தனை விழும் என்பதைக் குவாண்டம் கணக்கு பிசகாமல் சொல்லிவிடும். திரையைத் தொடும்வரை அந்த ஓர் எலக்ட்ரான் எங்கே இருந்தது என்று கேட்கும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

கணக்கு சரியாக வருகிறதல்லவா, மீதியைத் தத்துவக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பார்கள் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. போட்டியிலிருக்கும் நான்கு முக்கிய விளக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தத்துவம் என்று ஒதுக்கப்பட்ட கேள்வியே பிறகு ஆய்வகத்துக்குள் வந்து உட்கார்ந்திருப்பது தெரியும்.

முதலாவது, பாடப்புத்தகங்களில் ஏதாவதொரு வடிவில் இருக்கும் கோபன்ஹேகன் விளக்கம். நீல்ஸ் போரும் ஹைசன்பர்க்கும் 1920களின் பிற்பாதியில் வளர்த்தெடுத்தது. அளப்பதற்கு முன் எலக்ட்ரானுக்கு இடம் என்று ஒன்றைச் சொல்வதற்கில்லை; அளக்கும்போது அலைச்சார்பு (எங்கே எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட உதவும் கணித அலை) சுருங்கி ஒரு விடை கிடைக்கிறது, அவ்வளவுதான் என்கிறது. சிக்கனமான நிலைப்பாடு. ஆனால் 'அளப்பது' என்றால் என்ன? அளக்கும் கருவியும் அணுக்களால் ஆனதுதானே, அதற்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? எல்லைக்கோடு எங்கே என்று இந்த விளக்கம் சொல்வதில்லை. வியன்னாவில் 1999இல் 60 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறு அலைபோல் நடந்துகொண்டதைக் காட்டினார்கள். 2019இல் ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலும் அதையே பார்த்தார்கள். கோடு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தத்துவமே வேண்டாம் என்பவர்கள் பெரும்பாலும் கோபன்ஹேகனின் தத்துவத்தைத்தான் பெயர் சொல்லாமல் கையில் வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, டி பிராய்–போம் விளக்கம். எலக்ட்ரானுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அது ஒரு பிளவு வழியாகத்தான் போகிறது. அலை இரண்டு வழியாகவும் போய் அதற்கு வழிகாட்டுகிறது. லூயி டி பிராய் இதை 1927இல் பிரஸ்ஸல்ஸ் சால்வே மாநாட்டில் முன்வைத்தார். எதிர்ப்பு கிளம்பியது, பிறகு அவரே கைவிட்டார். 1932இல் கணிதமேதை ஃபான் நாய்மன், இப்படி அளப்பதற்கு முன்பே துகளிடம் ஒளிந்திருக்கும் மதிப்புகளுக்கு, அதாவது மறைமாறிகளுக்கு, குவாண்டம் கோட்பாட்டில் இடமே இல்லை என்று கணிதமுறையில் ஒரு நிரூபணம் கொடுத்தார். அவ்வளவு பெரிய பெயர் சொன்னதால் பலரும் அதோடு விட்டுவிட்டார்கள். நிரூபணத்தில் ஒளிந்திருந்த ஒரு தவறான அனுமானத்தை 1935இலேயே கிரேட்டெ ஹெர்மன் ஒரு தத்துவ இதழில் சுட்டிக்காட்டினார். எம்மி நோய்தரிடம் கணிதம் பயின்ற தத்துவவாதி அவர். இயற்பியலாளர்களில் அநேகமாக யாரும் கவனிக்கவில்லை.

1952இல் டேவிட் போம் முழுக் கோட்பாட்டையும் புதிதாக எழுதி வெளியிட்டார். அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்ததைத் தொடர்ந்து பிரின்ஸ்டன் வேலை போய், அப்போது பிரேசிலில் இருந்தார். அதைப் படித்த இயற்பியலாளர் ஜான் பெல்லுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. போமின் கோட்பாட்டில் இங்கே செய்யும் அளவீடு தொலைவிலிருக்கும் துகளையும் அப்போதே பாதிக்கிறது. இது அந்தக் கோட்பாட்டின் குறையா, அல்லது இயற்கையே அப்படித்தானா? அப்போதைக்கு இது சுத்தமான தத்துவக் கேள்வி. 1964இல் பெல் அதற்கு ஒரு எண்ணைக் கொடுத்தார்.

எளிய வடிவில் பார்ப்போம். ஒரே அலைச்சார்பைப் பகிர்ந்து பின்னிப்பிணைந்த இரண்டு ஒளித்துகள்கள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இரு முனையிலும் 0, 60, 120 பாகை என்ற மூன்று கோணங்களில் ஒன்றில், ஒளியின் அதிர்வுத் திசையைப் பொறுத்துக் கடக்கவிடும் வடிகட்டியை வைக்கலாம். இரு பக்கமும் ஒரே கோணம் என்றால் இரண்டும் கடக்கும், அல்லது இரண்டும் தடுக்கப்படும். விடை மாறுவதே இல்லை. தேர்வறைக்குள் போகும் முன் பதில்களைப் பேசிவைத்துக்கொண்ட இரட்டையர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை'. மூன்று பதில்களில் குறைந்தது இரண்டாவது ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். ஆகவே இருவரிடமும் வெவ்வேறு கேள்வி கேட்டாலும் மூன்றில் ஒரு தடவையாவது விடைகள் பொருந்த வேண்டும். குவாண்டம் கணக்கு சொல்வதோ நான்கில் ஒன்று.

ஆய்வகத்தில் செய்தது இதன் சற்றே வேறான வடிவங்கள். 1972இல் பெர்க்லியில் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982இல் பிரான்சில் ஆஸ்பேயின் குழுவும், 2015இல் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் டெல்ஃப்ட் குழுவும் சோதித்தார்கள். ஒவ்வொரு முறையும் குவாண்டம் கணக்கே சரியாக வந்தது. 2022இல் கிளாசர், ஆஸ்பே, இதே துறையில் சோதனைகள் செய்த சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முன்கூட்டியே பேசிவைத்த பதில்களும், தொலைவிலிருந்து எந்தப் பாதிப்பும் இல்லாத உலகமும் சேர்ந்திருக்க முடியாது என்பது உறுதியானது. போமின் கோட்பாடு இதில் தப்பித்தது. தூரத்துப் பாதிப்பை அது முதலிலிருந்தே ஒப்புக்கொண்டிருந்தது. அதற்குக் கொடுக்கும் விலை, ஒளியை மிஞ்சிய வேகத்துக்கு இடம்தராத ஐன்ஸ்டைனின் சார்பியலோடு ஒத்துப்போவதில் உள்ள கடும் சிக்கல்.

மூன்றாவது, ஹ்யூ எவரெட் 1957இல் வெளியிட்ட பல உலக விளக்கம். அலைச்சார்பு சுருங்குவதே இல்லை. எல்லா விடைகளும் நடக்கின்றன, ஒவ்வொன்றும் தனிக் கிளையில். அலைச்சார்பு எப்படி மாறும் என்று சொல்லும் அடிப்படைச் சமன்பாட்டோடு எதையும் சேர்க்காத அழகு இதற்கு உண்டு. இதை நம்பிய டேவிட் டாய்ச் 1985இல் குவாண்டம் கணினிக்கான அடிப்படைக் கோட்பாட்டை எழுதினார். எனக்கு உதைப்பது நிகழ்தகவு. இரண்டு விடையும் நிச்சயமாக நடக்கும் என்றால், ஒன்றுக்கு 90 சதவீதம் வாய்ப்பு என்பதற்கு என்ன பொருள்? இதுவரை வந்த பதில்கள் எனக்குத் திருப்தி தரவில்லை.

நான்காவது, கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் 1986இல் முன்வைத்த தன்னியல்புச் சுருக்கக் கோட்பாடு. இது சமன்பாட்டையே மாற்றுகிறது. ஒரு துகளின் அலை சுமார் 30 கோடி ஆண்டுக்கு ஒருமுறை தானாகவே சுருங்கும். தனி எலக்ட்ரானில் அதைப் பார்க்கவே முடியாது. ஆனால் கையில் எடுக்கிற ஒரு பொருளில் சுமார் நூறு கோடி கோடி கோடித் துகள்கள்; அங்கே நொடிக்கு ஒரு கோடி தடவைபோல நடக்கும். ஏதாவது ஒன்று சுருங்கினாலே பிணைந்திருக்கும் மொத்தமும் ஓரிடத்தில் நின்றுவிடும். அளப்பவர் யாரும் தேவையில்லை. அந்த எண்கள் கையால் போட்டவை என்பது இதன் பலவீனம்.

ஆனாலும் இதை உண்மையில் சோதிக்கலாம். இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியிலுள்ள ஆய்வகத்தில், சுருக்கம் நடந்தால் வர வேண்டிய கதிர்வீச்சைத் தேடினார்கள். ஈர்ப்பால் சுருக்கம் நடக்கிறது என்று சொல்லும், இதோடு தொடர்புடைய வேறொரு கோட்பாட்டின் எளிய வடிவம் அடிபட்டுவிட்டது என்று 2020இல் வெளியிட்டார்கள்.

சரி, நான் எதன் பக்கம்? ஆய்வுப் பணத்தை எதில் போடுவது என்று கேட்டால் நான்காவதில் போடச் சொல்வேன். சுருக்கம் தானாக நடப்பது தெரிந்துவிட்டால், மாறாத சமன்பாட்டை நம்பியிருக்கும் போமும் எவரெட்டும் ஒரே நாளில் தோற்றுவிடுவார்கள். ஒன்றும் தென்படாவிட்டால் அந்த எண்களுக்கான இடம் குறுகிக்கொண்டே வரும், போமும் எவரெட்டும் மிஞ்சுவார்கள். இன்றைய நிலையில் அவர்கள் இருவரையும் பிரிக்கும் சோதனை ஏதும் கிடையாது. அங்கே சார்பியலோடு வரும் மோதல் பெரிதா, நிகழ்தகவுக்குப் பொருள் இல்லாமல் போவது பெரிதா என்று எடைபோட்டே ஆக வேண்டும். நான் சார்பியல் சிக்கலைச் சுமக்கத் தயார். நிகழ்தகவை விட்டுவிட்டால் சோதனை முடிவை வைத்து ஒரு கோட்பாட்டைச் சரிபார்ப்பதற்கே அடிப்படை இல்லாமல் போகிறது. அதனால் அந்த இருவரில் என் ஓட்டு போமுக்கு.