காட்டுப்பன்றிப் புழு: மைக்ராஸ்கோப்பா, டிஎன்ஏவா?

காட்டுப்பன்றியின் உடலிலிருந்து ஒட்டுண்ணிப் புழுக்களைச் சேகரித்தாகிவிட்டது, எப்படி இனம் பிரிப்பது என்று குழம்புகிறவர்களுக்காக.

செலவு: மைக்ராஸ்கோப் ஒருமுறை வாங்கினால் போதும், அப்புறம் புழுவின் உள்ளுறுப்புகள் தெளிவாகத் தெரிய விடும் லாக்டோபீனால் திரவமும் கண்ணாடித் தகடும்தான். டிஎன்ஏவில் மாதிரிக்கு மாதிரி காசு.

துல்லியம்: விஷயமே இங்கேதான். நுரையீரல் புழு மெட்டாஸ்ட்ராங்கைலஸில் முழு ஆண் புழு கிடைத்தால், ஸ்பிகியூலின் (ஆண் புழுவின் இனச்சேர்க்கை ஊசி) நீளத்தையும் நுனியையும் வைத்தே அது 'சால்மி' இனமா, 'பூடென்டோடெக்டஸ்' இனமா என்று சொல்லிவிடலாம். முள் தலையுள்ள மேக்ரகாந்தோரிங்கஸுக்கு டிஎன்ஏ என்பது வீண் ஆடம்பரம். ஆனால் தசையில் கிடக்கும் ட்ரைக்கினெல்லா புழுவின் லார்வாக்கள் (இளம்புழுக்கள்) பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. லார்வாவைச் சுற்றி உறை உண்டா இல்லையா என்பதோடு சரி, இனம் தெரிய பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) தான் வேண்டும்.

பதப்படுத்தல்: உருவம் பார்க்க ஃபார்மலின் போதும், டிஎன்ஏவை அது சிதைத்துவிடும். பலர் கோட்டை விடுவது இதில்தான். முடிவெடுக்கும்வரை எத்தனாலில் போட்டு வையுங்கள்.

பழக்கம்: ஸ்பிகியூல் பார்க்கக் கண் பழக மாதக்கணக்காகும், பொறுமை இல்லாதவர்களுக்கு அது ஒத்துவராது.

முழுசான வளர்ந்த புழுக்கள் நிறைய இருந்தால் மைக்ராஸ்கோப். லார்வா, முட்டை, அறுந்த துண்டு என்றால் டிஎன்ஏ. நானாக இருந்தால் முதலில் உருவத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகமானதை மட்டும் பிசிஆருக்கு அனுப்புவேன்.