ஸ்கார் பிரெக்னன்சிக்குத் திருச்சியில் பார்த்த ஆஸ்பத்திரி: என் ரிவ்யூ

பழைய சிசேரியன் தழும்பில் கரு போய்த் தங்கிவிடுவதுதான் ஸ்கார் பிரெக்னன்சி. ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், எதற்கு வம்பு. தேவைப்படுகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

நான் கரூரில் ஜாக்கெட் தைப்பவள். முதல் குழந்தை சிசேரியன், இப்போது நாலு வயது. இந்தத் தையில் நாள் தள்ளிப்போனது, வீட்டிலேயே கார்டு வாங்கிப் பார்த்தேன், இரண்டு கோடு. ஆறாவது வாரம் லேசாகத் தீட்டுப் பட்டது. வலி ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வயிற்றின் மேல் வைத்து இரண்டு நிமிடம் ஸ்கேன் பார்த்தார்கள். "கரு கீழே இறங்கிடுச்சு, கலைஞ்சுக்கிட்டு இருக்கு. நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க, சுத்தம் பண்ணிடலாம்" என்றார்கள். பன்னிரண்டாயிரம். அழுதுகொண்டே ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். அவள் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். அடுத்த நிமிடமே போன். "அண்ணி, துடிப்பு இருக்குன்னு போட்டிருக்கு. கரு கீழே வேற இருக்கு. உங்களுக்குச் சிசேரியன் தழும்பு இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா? நாளைக்கு எங்கேயும் போய்ப் படுத்துடாதீங்க."

கேட்டால்தானே சொல்ல? யாரும் கேட்கவே இல்லை.

மறுநாள் குளித்தலை வழியாகத் திருச்சி. ஒன்பதரைக்குப் போய் ஒன்றே காலுக்குத்தான் கூப்பிட்டார்கள். இது முதல் குறை. காத்திருக்கும் இடத்தில் பாதி நாற்காலி உடைசல். ஸ்கேனுக்கு முன்னால் எழுதவேண்டிய ஃபார்ம் எஃப் படிவத்தை நிரப்பும்போது "முதல் குழந்தை பையனா பொண்ணா" என்று அந்தப் பெண் ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். சட்டப்படி அந்தக் கட்டத்தை நிரப்பித்தான் ஆகணும், சரி. கத்தணுமா?

ஆனால் உள்ளே போனபிறகு கதையே வேறு. ஸ்கேன் டாக்டர் அம்மா முதலில் கேட்டதே பழைய ஆபரேஷனைப் பற்றித்தான். சிறுநீர்ப்பையில் கொஞ்சம் தண்ணீர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, உள்வழியாக இருபது நிமிடம் பார்த்தார். கருப்பையின் மேல்பகுதி காலி, கழுத்தும் காலி. கரு இருக்கும் பை உட்கார்ந்திருந்தது நடுவில், முன்பக்கச் சுவரில், பழைய தையல் போட்ட அதே இடத்தில். கருவியால் மெதுவாக அழுத்திக் காட்டினார். கலைந்து இறங்கும் கரு என்றால் பை வழுக்கி நகருமாம். இது இம்மி நகரவில்லை. கலர் டாப்ளர் போட்டதும் பையைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக ரத்த ஓட்டம். பைக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே இருந்த சதை 2 மில்லிமீட்டர்.

"தையல் விட்ட இடத்துல துணி நைஞ்சிருக்கும்ல, அதுக்குள்ள போய் உட்கார்ந்துடுச்சு" என்றார். என் தொழில் தெரிந்து சொன்னாரா, எல்லோரிடமும் இப்படித்தான் சொல்வாரா தெரியாது. எனக்குப் பளிச்சென்று புரிந்தது. அந்த இடத்தில் சதை சுருங்கி ரத்தத்தை நிறுத்தாது. கண்ணால் பார்க்காமல் சுரண்டியிருந்தால் ரத்தம் கொட்டி, கருப்பையையே எடுக்கும்படி ஆகியிருக்கலாமாம். கேட்டதும் கை கால் ஜில்லிட்டுவிட்டது.

கரு இடம் மாறித் தங்கினால் பெரும்பாலும் டியூபில்தான், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். தழும்பில் தங்குவது சுமார் இரண்டாயிரம் கர்ப்பத்தில் ஒன்று. மருத்துவ இதழில் முதன்முதலில் எழுதப்பட்டதே 1978ல்தானாம். ஆனால் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தழும்பு பெருகினால் இதுவும் பெருகத்தானே செய்யும்.

பெரிய டாக்டர் என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்து வழிகளைச் சொன்னார். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே உறிஞ்சி எடுப்பது, லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் திரும்பத் தைப்பது, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியைப் பைக்குள்ளேயே போடுவது. இடுப்பில் மட்டும் ஊசி போட்டு அனுப்புவதை அவர் விரும்பவில்லை, துடிப்பு இருக்கும்போது அது பல நேரம் போதாது என்றார். நாங்கள் பைக்குள் ஊசிக்கு ஒத்துக்கொண்டோம். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு "இது கேன்சர் மருந்தாச்சே" என்று சொல்லிவைக்க, மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூட்டுவாதத்துக்கும் இதே மருந்துதான் என்று நர்ஸ் வந்து சொல்லி எழுப்ப வேண்டியதாயிற்று.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை உடனே நிறுத்தச் சொன்னார்கள். இந்த மருந்து அதைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது. அதே சத்து கீரையிலும் உண்டு என்பதால், அம்மா பாசத்தோடு கொடுத்தனுப்பிய முருங்கைக்கீரைப் பொரியல் பக்கத்துப் பெட்டுக்குப் போனது.

அந்தப் பக்கத்துப் பெட்தான் என் இரண்டாவது குறை. பிள்ளை பெற்றவர்கள் வார்டிலேயே என்னையும் போட்டார்கள். ராத்திரியெல்லாம் குழந்தை அழுகை. கருவை இழந்தவளை எங்கே படுக்க வைப்பது என்று யாராவது ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

அப்புறம் பீட்டா எச்சிஜி, அதாவது கர்ப்ப ஹார்மோன் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை. முதல் நாள் 21,400. நாலாம் நாள் குறையாமல் ஏறியிருந்தது. பயந்து போன் செய்தேன். முதலில் அப்படி ஏறுவது உண்டு, ஏழாம் நாள் பார்ப்போம் என்று அந்த டாக்டரே பேசினார். ஏழாம் நாள் இறங்கியது. வாரம் ஒரு தடவை எடுத்து, சுழிக்கு வர ஒன்பது வாரம் ஆனது. தடவைக்கு 750 ரூபாய். எல்லாம் சேர்த்து 58,000. கேன்டீன் இட்லி கல்.

மருந்து போட்டதால் மூன்று மாதம் கரு தங்கக் கூடாது. அடுத்த முறை நாள் தள்ளினால் ஆறாவது வாரமே உள்வழி ஸ்கேன் என்று ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் பழைய சிசேரியன் டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள். நான் மறந்துபோய், மாமனார் பீரோவைக் குடைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார், அதுவும் தலைகீழாக.