காலாவதியான லைசென்ஸ்: சாரதி தளத்தில் நாங்களே புதுப்பித்தோம்

அப்பாவுக்கு 58 வயது. அவருடைய ஓட்டுநர் உரிமம் காலாவதியாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. தெருமுனை ஏஜென்ட் கேட்ட பணம் அரசுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் ஓட்டுநர் உரிமங்களுக்கான அரசு இணையதளமான பரிவாகன் சாரதியில் நாங்களே விண்ணப்பித்தோம். எனக்கு முழுத் திருப்தி.

பழைய உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால் விவரமெல்லாம் தானாக வந்துவிடுகிறது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்றான படிவம் 1ஏ கட்டாயம். அதை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேலை பாதி குறையும். கட்டணத்தையும் இணையத்திலேயே கட்டிவிடலாம்.

ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். காலாவதியாகி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டுநர் தேர்வுதான். காலாவதியான பிறகும் 30 நாள் உரிமம் செல்லும் என்ற பழைய சலுகையும் 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிடையாது. தேதி முடிந்த மறுநாள் வண்டி எடுத்தாலே உரிமம் இல்லாமல் ஓட்டுவதாகத்தான் கணக்கு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். ஆனால் முடிவதற்கு ஓராண்டுக்கு முன்பே புதுப்பிக்கலாம் என்பது பெரிய வசதி. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே அவர்களுடைய கார்டை எடுத்துப் பாருங்கள்.

55 வயதுக்கு மேல் ஐந்தாண்டுக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். அப்புறம், தமிழ்நாட்டில் கார்டு இப்போது விரைவுத் தபாலில்தான் வருகிறது. வீடு மாறியிருந்தால் முகவரியை முதலில் திருத்திவிடுங்கள்.